அம்மாவுக்கு சரவாங்கி (ருமட்டாய்டு மூட்டுவாதம்), வருஷக்கணக்கா ஸ்டீராய்டு மட்டும்தான் ஓடுது, வேற வைத்தியம் என்ன இருக்கு? கடலூர், பாண்டி பக்கம்

கெடிலக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருக்கோம், அம்மாவுக்கு 58 வயசு. நாலஞ்சு வருஷமா ரெண்டு கை விரல் முட்டியும் மணிக்கட்டும் வீங்குது, காலைல எந்திரிச்சா கை மடங்கவே மாட்டேங்குது, பத்து மணி ஆனாதான் ஓரளவு வேலை ஓடுது. பால் கவரை கத்திரிக்கோல்ல வெட்டக்கூட முடியல, பல்லால கடிச்சு பிரிக்கிறாங்க. புடவைக்கு கொசுவம் வைக்க விரல் வராது, விசேஷம்னா நான் போய் கட்டி விடணும்.

பக்கத்துல ஒரு டாக்டர்கிட்ட காட்டினோம், அவர் எழுதி குடுத்தது பிரட்னிசோலோன் 10 எம்ஜி (இதுதான் அந்த ஸ்டீராய்டு), ஒரு வலி மாத்திரை, கேஸ் மாத்திரை, கால்சியம். முதல் தடவை போட்டப்போ ரெண்டே நாள்ல வீக்கம் வடிஞ்சு அம்மா கோலம் போட்டாங்க, நாங்க எல்லாம் அவ்ளோ சந்தோஷப்பட்டோம். அதே சீட்டுதான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. இப்போ முகம் உப்பிப் போச்சு, முன்னாடி இல்லாத சர்க்கரை வந்திருக்கு, கை லேசா இடிச்சாலே கன்னிப் போகுது. மாத்திரையை நிறுத்தினா மூணாம் நாள் எந்திரிக்கவே முடியல. ரத்தத்துல ஆர்ஏ ஃபேக்டர் பாசிட்டிவ், வீக்கத்தைக் காட்டுற ஈஎஸ்ஆர் டெஸ்ட் 70. ஸ்டீராய்டை விட்டா இதுக்கு வைத்தியமே இல்லையா, இருந்தா எங்க போகணும், அனுபவப்பட்டவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

லாஸ்பேட்டை அக்கா எழுதியது:

தங்கச்சி, படிச்சதும் மனசு கேக்கல, அதான் உடனே எழுதுறேன். எனக்கு 2009லேர்ந்து இதே வியாதிதான். முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இங்க வர்ற பதிலை எல்லாம் படிச்சிட்டு ஆத்திரத்துல இன்னைக்கு ராத்திரியே அந்த மாத்திரையை நிறுத்திடாதீங்க. மாசக்கணக்கா ஸ்டீராய்டு வெளியிலேர்ந்து உள்ள போனா கிட்னிக்கு மேல இருக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையை விட்டுட்டு சும்மா இருந்துரும், திடீர்னு மாத்திரையும் இல்லன்னா உடம்புக்கு தேவையான கார்டிசால்ங்கிற ஹார்மோன் உள்ளயும் கிடைக்காது வெளியிலயும் கிடைக்காது. வாந்தி, தலை சுத்தல், பிரஷர் இறங்கி மயக்கம்னு ஆஸ்பத்திரி வரைக்கும் இழுத்துட்டு போகும். அம்மா மூணாம் நாள் படுத்துடறாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அதுல நோய் திரும்பி வர்றதும் இருக்கலாம், இந்த விஷயமும் இருக்கலாம். கொஞ்சம் கொஞ்சமாதான் குறைக்கணும், அதுவும் டாக்டர் சொல்ற கணக்குல.

ரெண்டாவது, வைத்தியம் இருக்கு, நிறையவே இருக்கு. உங்க அம்மா சீட்டுல கேஸ் மாத்திரை, கால்சியம் போக மீதி இருக்கிறது வலியையும் வீக்கத்தையும் அமுக்குற மருந்துதான். நோயோட வேகத்தை பிடிச்சு நிறுத்துற மருந்துன்னு தனியா ஒரு கூட்டமே இருக்கு, டிமார்டுன்னு சொல்லுவாங்க. மெத்தோட்ரெக்ஸேட், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், சல்ஃபாசலசின், லெஃப்ளுனோமைடு இதெல்லாம் அதுல வரும். அந்த சீட்டுல இதுல ஒண்ணுகூட இல்ல பாருங்க, அதுதான் எனக்கு வயித்தெரிச்சலா இருக்கு. இந்த வியாதி ஜாயின்ட்டை உள்ளயே அரிக்கிறது பெரும்பாலும் முதல் ரெண்டு வருஷத்துலயே ஆரம்பிச்சுரும், விரல் ஒரு தடவை கோணிட்டா மருந்தால நேராக்க முடியாது. அதனால யோசிச்சுட்டே இருக்காம மூட்டுவாத ஸ்பெஷலிஸ்ட், அதாவது ரொமட்டாலஜிஸ்ட் ஒருத்தரை பாருங்க. எலும்பு டாக்டர் வேற, இவங்க வேற.

கெடிலக்கரை எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. நாங்க இத்தனை நாளா எலும்பு டாக்டர்தான் பாக்கணும்னு நினைச்சுட்டு இருந்தோம். கடலூர்ல யார்கிட்ட போறதுன்னு தெரியல, பாண்டின்னா எங்க? மெத்தோட்ரெக்ஸேட்னு கூகுள்ல போட்டு பாத்தேன், கேன்சர் மருந்துன்னு வருது, பயமா இருக்கு.

பண்ருட்டி மாமா எழுதியது:

பயப்படறதுல தப்பே இல்லம்மா, கேன்சருக்கு குடுக்கிற விஷம்தான் அது, லிவரை தின்னுடும். என் சம்சாரத்துக்கும் இதே கை கால் வீக்கம். இங்கிலீஷ் மருந்தே வேணாம்னு ஒருத்தர்கிட்ட பொடி வாங்கி குடுக்கிறோம், மூலிகைதான், பேர் எதுவும் ஒட்டி இருக்காது, பொட்டலமா மடிச்சு குடுப்பாரு. மூணே நாள்ல எந்திரிச்சு முந்திரிக் கொட்டை உடைக்க உக்காந்துட்டாங்க. ஒரு வேளை விட்டா மறுபடி பிடிச்சுக்குது, அதனால விடாம குடுக்கணும். முடக்கத்தான் கீரை தோசையும் வாரத்துக்கு மூணு நாள் உண்டு.

மூட்டுவாத மாணவர் எழுதியது:

நான் டாக்டர், பொது மருத்துவம் முடிச்சிட்டு இந்தத் துறையில மேல்படிப்புல இருக்கேன். ஆளை நேர்ல பாக்காம மருந்து சொல்ல மாட்டேன், பொதுவா தெரிஞ்சுக்க வேண்டியதை மட்டும் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போகும்.

ஐயா, உங்ககிட்டேர்ந்தே ஆரம்பிக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. பேர் இல்லாத பொடி, மூணு நாள்ல வீக்கம் மாயமா போறது, ஒரு வேளை விட்டா திரும்ப வர்றது, இந்த மூணும் சேர்ந்து இருந்தா எங்களுக்கு முதல்ல தோணுறது அதுல ஸ்டீராய்டு மாத்திரையை பொடி பண்ணி கலந்திருப்பாங்கன்னுதான். எந்த மூலிகையும் அவ்வளவு வேகமா இந்த வீக்கத்தை இறக்காது, ஸ்டீராய்டு இறக்கும். டாக்டர் எழுதி குடுத்தா எத்தனை எம்ஜின்னாவது தெரியும், பொட்டலத்துல எவ்வளவு போகுதுன்னு யாருக்குமே தெரியாது. உங்க வீட்டம்மாவுக்கு முகம் உப்பல், வயிறு மட்டும் பெருசாகறது, சர்க்கரை, பிரஷர் இருக்கான்னு பாருங்க. அந்தப் பொட்டலத்தை கையோட எடுத்துட்டு போய் டாக்டர்கிட்ட காட்டுங்க, நீங்களா திடீர்னு நிறுத்தவும் வேணாம், லாஸ்பேட்டை அக்கா சொன்ன காரணம்தான். சித்தா மேல நம்பிக்கை இருந்தா அரசு சித்த மருத்துவர்கிட்ட போங்க, சித்தா ஆராய்ச்சி நிலையம் புதுச்சேரியிலயே இருக்கு, அங்க என்ன குடுத்தாலும் பேர் எழுதி குடுப்பாங்க. முடக்கத்தான் தோசை தாராளமா சாப்பிடலாம், அது சாப்பாடு.

இப்போ மெத்தோட்ரெக்ஸேட். கேன்சருக்கு குடுக்கிறது உண்மை, ஆனா அங்க குடுக்கிற அளவு பல மடங்கு அதிகம். சரவாங்கிக்கு வாரத்துக்கு ஒரே ஒரு நாள், பெரும்பாலும் 7.5லேர்ந்து 15 எம்ஜியில ஆரம்பிச்சு தேவைப்பட்டா 25 வரைக்கும் ஏத்துவோம். 1988லயே அமெரிக்காவுல இந்த நோய்க்குன்னு அனுமதி குடுத்துட்டாங்க, இன்னைக்கு வரைக்கும் உலகம் பூரா முதல்ல ஆரம்பிக்கிற மருந்து இதுதான். லிவர் பத்தின பயம் நியாயமானது, அதனாலதான் ஆரம்பத்துல சில வாரத்துக்கு ஒரு தடவை, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை லிவர் டெஸ்ட், ரத்த அணுக்கள், கிட்னிக்கான கிரியேட்டினின் டெஸ்ட் எல்லாம் பாக்குறோம். சாராயம் பீர் தொடவே கூடாது. கூடவே ஃபோலிக் ஆசிட் மாத்திரை உண்டு, அதை மெத்தோட்ரெக்ஸேட் போடாத வேற நாள்ல போடணும், வாய்ப்புண், குமட்டல், லிவர் தொந்தரவு எல்லாத்தையும் அது குறைக்கும்.

நம்ம ஆளுங்களுக்கு தெரிய வேண்டிய ஒரு விஷயம். மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் ஆசிட் ரெண்டையும் ஆய்வகத்துல தயாரிச்சது அமெரிக்காவுல லெடர்லே கம்பெனியில எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில வேலை பாத்த குழுதான். 1895ல பீமவரத்துல பொறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில படிச்சவர். இன்னைக்கு ஒரே சீட்டுல நாங்க இந்த ரெண்டு மருந்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதுறோம், அவர் பேர் நிறைய பேருக்கு தெரியாது.

ஸ்டீராய்டை வில்லனாக்க வேணாம்னும் சொல்லிக்கிறேன். 1948ல மேயோ கிளினிக்ல ஃபிலிப் ஹெஞ்ச் முதல் தடவையா ஒரு சரவாங்கி நோயாளிக்கு கார்டிசோன் ஊசி போட்டப்போ படுக்கையில கிடந்தவங்க சில நாள்லயே எந்திரிச்சு நடந்தாங்க, 1950ல நோபல் பரிசே வந்துச்சு. அதே கையோட முகம் உப்பல், எலும்பு தேய்மானம், சர்க்கரை எல்லாம் தெரிய ஆரம்பிச்சுது. ஸ்டீராய்டு வேலை செய்யுமாங்கிறது கேள்வியே இல்ல, எவ்வளவு நாள் குடுக்கிறதுங்கிறதுதான் கேள்வி. மெத்தோட்ரெக்ஸேட் பிடிக்க ஆறுலேர்ந்து பன்னெண்டு வாரம் ஆகும், அந்த இடைவெளிக்கு ஆள் வலியில துடிக்கக் கூடாதுன்னு சின்ன டோஸ்ல ஸ்டீராய்டு குடுத்து சீக்கிரமா குறைச்சு நிறுத்தறதுதான் முறை. கெடிலம் ஆத்துல வெள்ளம் வந்தா மணல் மூட்டை அடுக்குறோம்ல, அது ஸ்டீராய்டு, கரையைக் கட்டுற வேலை டிமார்டோடது. இவங்க அம்மாவுக்கு வருஷக்கணக்கா மூட்டை மட்டும் அடுக்கிட்டு இருக்காங்க.

மருந்துக்கடை தம்பி எழுதியது:

நெல்லிக்குப்பத்துல மெடிக்கல் ஷாப்ல இருக்கேன். டாக்டர் சார் வாரத்துக்கு ஒரு நாள்னு எழுதினதை நான் பெரிய எழுத்துல எழுதணும்னு நினைக்கிறேன். எங்க கடைக்கு ஒரு பாட்டி வாய் பூரா புண்ணோட வந்தாங்க, தண்ணி முழுங்கக்கூட முடியல, பேரன் பழைய அட்டையை எடுத்து காட்டினான், மெத்தோட்ரெக்ஸேட் தினமும் ஒண்ணு போட்டிருக்காங்க. சீட்டுல இங்கிலீஷ்ல வாரம் ஒரு முறைன்னுதான் இருந்துச்சு, வீட்ல மத்த மாத்திரை மாதிரி தினமும் எடுத்து குடுத்துட்டாங்க. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், ரத்த அணு எல்லாம் இறங்கி போயிருந்துச்சாம், நல்ல வேளை பொழச்சாங்க. இது உயிரே போற விஷயம்ங்க.

நான் இப்போ யாருக்கு அந்த மாத்திரை குடுத்தாலும் அட்டைக்கு பின்னாடி மார்க்கர்ல ‘ஞாயிறு மட்டும்’னு இல்ல எந்த கிழமையோ அதை தமிழ்ல எழுதிதான் குடுக்கிறேன். ஃபோலிக் ஆசிட் அட்டையும் மஞ்சளா சின்னதா கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ரெண்டையும் ஒரே டப்பால போடாதீங்க. வீட்ல தினத்தாள் கேலண்டர் இருந்தா அந்த கிழமை தாள்ல எல்லாம் முன்னாடியே பேனாவால வட்டம் போட்டு வச்சுருங்க. 2.5 எம்ஜி அட்டையும் இருக்கு, 7.5, 10 எம்ஜி அட்டையும் இருக்கு, கடை மாறி வாங்கும்போது எம்ஜி பாத்து வாங்குங்க, மூணு மாத்திரை போடுன்னு சொன்னது எந்த மாத்திரையிலன்னு தெரியணும்ல.

அப்புறம் ஸ்டீராய்டு, நாள் தவறாம பழைய அட்டையை கிழிச்சு எடுத்துட்டு வந்து இது ஒரு பத்து குடுன்னு கேக்கிறாங்க, சீட்டு கேட்டா சண்டை.

பண்ருட்டி மாமா எழுதியது:

டாக்டர் தம்பி, கோவம் எல்லாம் இல்ல. நீங்க சொன்ன மாதிரி முகம் கொஞ்சம் வீங்கினாப்புலதான் இருக்கு, நாங்க உடம்பு தேறுதுன்னு நினைச்சோம். பொட்டலத்தை எடுத்துட்டு வரேன், எங்க காட்டணும்னு சொல்லுங்க. மெத்தோட்ரெக்ஸேட் மட்டும்தான் வழியா, அது ஒத்துக்கலன்னா?

லாஸ்பேட்டை அக்கா எழுதியது:

எங்க போறதுன்னு ரெண்டு பேரும் கேக்கிறீங்க. பாண்டி கோரிமேட்டுல ஜிப்மர் ஆஸ்பத்திரியில கிளினிக்கல் இம்யூனாலஜின்னு இந்த மாதிரி வியாதிக்குன்னே தனி டிபார்ட்மென்ட் இருக்கு. கடலூர்லேர்ந்து வந்தா பாண்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கி கோரிமேடு, திண்டிவனம் பக்கம் போற எந்த பஸ்ஸுல ஏறினாலும் வாசல்லயே இறங்கலாம். எந்த கிழமை ஓபின்னு முன்னாடியே விசாரிச்சுட்டு போங்க, காலைல முதல் பஸ்ஸே பிடிங்க, ஒரு நாள் முழுக்க ஆகும்னு மனசுல வச்சுக்கிட்டு சாப்பாடு கட்டிட்டு போங்க. சிதம்பரம் கிட்டன்னா அங்க அரசு மருத்துவக் கல்லூரி இருக்கு, முன்னாடி ராஜா முத்தையான்னு சொல்லுவோமே அதுதான், பொது மருத்துவத்துல காட்டினா ஆரம்பிச்சு விடுவாங்க. பிரைவேட்டா பாக்கணும்னாலும் பாண்டியில ரொமட்டாலஜிஸ்ட் இருக்காங்க.

போகும்போது பழைய சீட்டு, பழைய ரத்த ரிப்போர்ட், கை எக்ஸ்ரே, சாப்பிடற எல்லா மாத்திரையோட காலி அட்டை, மாமா உங்க பொட்டலம், எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு போங்க. காலைல எவ்வளவு நேரம் கை இறுக்கமா இருக்குன்னு கேப்பாங்க, அதை நேரம் பாத்து குறிச்சு வச்சுக்கோங்க. வீக்கம் அதிகமா இருக்கிற அன்னைக்கு கையை ஃபோன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, ஏன்னா நாம டாக்டரை பாக்கிற அன்னைக்கு பாத்து வீக்கம் வடிஞ்சு போயிருக்கும்.

என் கதைய சுருக்கமா சொல்றேன். எனக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஆரம்பிச்ச புதுசுல மறுநாள் பூரா குமட்டும், சாதத்தை பாத்தாலே வாந்தி வரும். டாக்டர்கிட்ட சொன்னதும் மாத்திரையை நிறுத்தல, ராத்திரி சாப்பிட்டுட்டு படுக்கிறதுக்கு முன்னாடி போட சொன்னாங்க, அப்பவும் சரிவரலன்னு தோலுக்கு அடியில போடற ஊசியா மாத்தி குடுத்தாங்க, இன்சுலின் மாதிரி நானே போட்டுக்கிறேன். குமட்டல் போயே போச்சு. ஒத்துக்கலன்னு பாதியில விடறவங்க நிறைய பேரு இந்த ஊசி விஷயம் தெரியாமலேயே விடறாங்க. ஸ்டீராய்டை சொட்டு சொட்டா குறைச்சு ஒரு வருஷத்துக்குள்ள முழுசா விட்டாச்சு. இப்போ நான் பூ கட்டுறேன், முத்தியால்பேட்டை மார்க்கெட்டுக்கு சைக்கிள்ல போறேன்.

மூட்டுவாத மாணவர் எழுதியது:

அக்கா சொன்னது எல்லாம் சரி. மாமா கேட்ட கேள்விக்கு வரேன். மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போதலன்னா அடுத்த படி அதோட சல்ஃபாசலசின், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ரெண்டையும் சேர்த்து மூணு மருந்தா குடுக்கிறது. இது பழைய மருந்து, ஏழைக்கு குடுக்கிறதுன்னு குறைச்சு நினைக்காதீங்க. 2013ல வந்த ராகாட் ஆய்வுல மெத்தோட்ரெக்ஸேட் மட்டும் போட்டு சரியாகாதவங்களை ரெண்டு பிரிவா பிரிச்சு ஒரு பிரிவுக்கு இந்த மூணு மாத்திரை, இன்னொரு பிரிவுக்கு விலை கூடின எடனர்செப்ட் ஊசியோட மெத்தோட்ரெக்ஸேட் குடுத்து பாத்தாங்க, மூணு மாத்திரை எந்த விதத்துலயும் பின்தங்கல. நம்ம ஊருக்கு இது பெரிய சேதி, ஏன்னா மூணும் எல்லா கடையிலயும் கிடைக்கும், மக்கள் மருந்தகத்துல இன்னும் விலை கம்மி. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போடறவங்க ஆரம்பத்துல ஒரு தடவை கண் விழித்திரை பரிசோதனை பண்ணிட்டு அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் வருஷா வருஷம் பண்ணிக்கணும். ஒரு கிலோ எடைக்கு தினம் 5 எம்ஜிக்கு மேல போகாம டோஸ் குடுப்போம்.

அதுக்கும் அடங்கலன்னா பயாலஜிக்கல் ஊசிகள். அடலிமுமாப் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, ரிட்டுக்சிமாப் ரெண்டு வார இடைவெளியில ரெண்டு டிரிப்ஸ் ஏத்திட்டு பெரும்பாலும் ஆறு மாசம் கழிச்சு பாத்து திரும்ப ஏத்துறது, டோசிலிசுமாப்னு ஒண்ணு. இதோட இந்திய நகல் மருந்துங்க வந்ததுக்கு அப்புறம் விலை முன்ன மாதிரி இல்ல, அடலிமுமாப்போட முதல் நகலே 2014ல நம்ம நாட்டுலதான் வந்துச்சு. அப்பவும் சாதாரண குடும்பத்துக்கு பாரம்தான், அதனால முதல்வர் காப்பீட்டு அட்டை இருக்கிறவங்க அதுல என்ன கிடைக்கும்னு ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. இது எதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியும் டிபி இருக்கான்னு பாத்தே ஆகணும், அதை விட்டுட்டு யாராவது ஊசி போடறேன்னா ஒத்துக்காதீங்க. நம்ம ஊர்ல நிறைய பேருக்கு டிபி கிருமி உடம்புல தூங்கிட்டு இருக்கும், அடலிமுமாப் மாதிரி ஊசி போட்டா அது முழிச்சுக்கும். நெஞ்சு எக்ஸ்ரே, தோல்ல போடற மான்டூ இல்லன்னா இக்ரா ரத்த டெஸ்ட், கூடவே மஞ்சள் காமாலை பி, சி வைரஸ் டெஸ்ட்.

டோஃபாசிட்டினிப்னு மாத்திரையும் இருக்கு, ஊசி வேணாங்கிறவங்களுக்கு வசதி, நம்ம கம்பெனிங்களே செய்றதால விலையும் இறங்கியிருக்கு, அதனாலயே இப்போ கண்டபடி எழுதுறாங்க. 50 வயசு தாண்டி பிரஷர், சர்க்கரை, சிகரெட் பழக்கம்னு இதய ஆபத்து இருக்கிறவங்களுக்கு இந்த மாத்திரையில மாரடைப்பும் புத்துநோயும் அடலிமுமாப் மாதிரி ஊசியை விட கூடுதலா வந்துச்சுன்னு பெரிய ஆய்வு வந்து 2021ல அமெரிக்க அரசு கடுமையான எச்சரிக்கை போட்டாங்க. அக்கியும் வரும். கெடிலக்கரை, உங்க அம்மாவுக்கு 58 வயசு, சர்க்கரை வேற, யாராவது நேரா இதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்னு சொன்னா ஏன்னு கேளுங்க.

வில்லியனூர் தேவி எழுதியது:

நடுவுல வந்து கேக்கிறதுக்கு மன்னிக்கணும். எனக்கு 27 வயசு, ஒரு வருஷமா மெத்தோட்ரெக்ஸேட் போடறேன், நல்லா இருக்கேன். இப்போ கல்யாணம் நிச்சயமாயிருக்கு. மாமியார் வீட்ல இன்னும் சொல்லல. குழந்தை பெத்துக்க முடியுமா?

லாஸ்பேட்டை அக்கா எழுதியது:

பெத்துக்கலாம்மா, கண்ணு கலங்காத. எனக்கு ரெண்டாவது பொண்ணு பொறந்தது இந்த வியாதி வந்ததுக்கு அப்புறம்தான். ஆனா திட்டம் போட்டு பண்ணணும். மெத்தோட்ரெக்ஸேட் போட்டுட்டு இருக்கும்போது கர்ப்பம் தரிக்கவே கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம், அதனால அது வரைக்கும் கண்டிப்பா கருத்தடை. எனக்கு மூணு மாசம் முன்னாடியே நிறுத்திட்டு வேற மாத்திரைக்கு மாத்துனாங்க. மாப்பிள்ளை கிட்டயாவது கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடு, இதுல மறைக்க என்ன இருக்கு, சர்க்கரை வியாதி மாதிரி இதுவும் ஒண்ணு.

மூட்டுவாத மாணவர் எழுதியது:

தேவி, அக்கா சொன்னதோட சேர்த்துக்கோங்க, ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் கர்ப்ப காலத்துலயும் தொடரலாம், ஃபோலிக் ஆசிட் கட்டாயம். லெஃப்ளுனோமைடு போட்டிருந்தா அது உடம்புலேர்ந்து போக ரொம்ப நாள் ஆகும், அதை வெளியேத்த தனியா ஒரு மருந்து குடுக்கணும், அதனால குழந்தை ஆசை இருக்கிற பொண்ணுங்களுக்கு அதை தவிர்ப்போம். நோய் அடங்கி இருக்கும்போது கர்ப்பம் ஆகுறதுதான் நல்லது, அதனால எப்போ பிளான்னு டாக்டர்கிட்ட கல்யாணத்துக்கு முன்னாடியே பேசிடுங்க.

நெய்வேலி டவுன்ஷிப் எழுதியது:

எங்க அப்பாவுக்கு 2006ல சிக்குன்குனியா வந்து போனதுலேர்ந்து முட்டி, கணுக்கால் வலி மழைக்காலத்துல தலை தூக்கும். ஊசி போட்டா சரியாகுது, அது ஸ்டீராய்டுன்னு இப்போதான் தெரியுது. இதுவும் சரவாங்கியா?

மூட்டுவாத மாணவர் எழுதியது:

எல்லா மூட்டு வலியும் சரவாங்கி இல்ல. சிக்குன்குனியாவுக்கு அப்புறம் சில பேருக்கு மாசக்கணக்கா சரவாங்கி மாதிரியே வீங்கும், ஆனா சரவாங்கிக்குன்னு எடுக்கிற ஆன்டி சிசிபி ரத்த டெஸ்ட் பெரும்பாலும் நெகட்டிவா வரும். இத்தனை வருஷம் கழிச்சு முட்டியில மட்டும்னா வயசுக்கு வர்ற தேய்மானமாவும் இருக்கலாம், அதுக்கு மெத்தோட்ரெக்ஸேட்டும் வேணாம், ஸ்டீராய்டு மாத்திரையும் வேணாம், தொடை தசைப் பயிற்சியும் எடை குறைக்கிறதும்தான். சின்ன சின்ன மூட்டு ரெண்டு பக்கமும் வீங்கி காலைல முக்கா மணி, ஒரு மணி நேரம் இறுக்கம் இருந்தா சரவாங்கி பக்கம் யோசிக்கணும். எந்த வலின்னு தெரியாமலே ஊசி போட்டுக்கிட்டே போறதை முதல்ல நிறுத்தி பரிசோதனை பண்ணுங்க.

அரியாங்குப்பம் பிசியோ எழுதியது:

மருந்து மட்டும் பேசிட்டு இருக்கோம், கையையும் பாக்கணும். வீக்கம் இருக்கிற நாள்ல கையை போட்டு முறுக்காதீங்க, துணி பிழியறது, தேங்காய் திருகறது வேற யாராவது பண்ணட்டும். வீக்கம் அடங்கினதும் வெதுவெதுப்பான தண்ணில கையை அஞ்சு நிமிஷம் வச்சுட்டு விரலை ஒவ்வொண்ணா மடக்கி நீட்டுங்க, முஷ்டி பிடிச்சு விடுங்க, கட்டைவிரலால மத்த விரல் நுனிய தொடுங்க. மணிக்கட்டுக்கு அசையாம தாங்குற பட்டை, ஸ்பிளின்ட்னு சொல்லுவோம், அதைப் போட்டா ராத்திரி தூக்கம் வரும். பாத்திரம் தூக்கும்போது விரலால கவ்வி தூக்காம ரெண்டு உள்ளங்கையும் குடுத்து தூக்கணும், பால் கவருக்கு ஸ்பிரிங் வச்ச கத்திரிக்கோல் கிடைக்குது, அதுல உள்ளங்கையால அமுக்குனா போதும். வலி இருக்கேன்னு கையை அசைக்காமலே வச்சிருந்தா ஜாயின்ட் இறுகி அப்படியே நின்னுடும்.

வீட்ல ஆம்பளைங்க பீடி சிகரெட் பிடிச்சா நிறுத்துங்க, இந்த நோய்க்கும் புகைக்கும் நேரடி சம்பந்தம் இருக்கு, மருந்தும் சரியா பிடிக்காது.

கெடிலக்கரை எழுதியது:

ஒவ்வொரு பதிலையும் அம்மாவுக்கு படிச்சு காட்டினேன், அடுத்த வாரம் கோரிமேடு போறோம். ரெண்டே சந்தேகம். ஒண்ணு, டிமார்டு ஆரம்பிச்சா ஸ்டீராய்டை உண்மையிலயே முழுசா விட முடியுமா, இல்ல நாலஞ்சு வருஷம் போட்டவங்களுக்கு முடியாதா? ரெண்டு, இந்த சர்க்கரை போயிடுமா?

மூட்டுவாத மாணவர் எழுதியது:

எல்லாராலயும் முடியும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பெரும்பாலானவங்களால முடியும். 2020ல செமிரான்னு ஒரு ஆய்வு வந்துச்சு, நோய் நல்லா அடங்கி தினம் 5 எம்ஜி பிரட்னிசோன்ல இருந்தவங்கள்ல ஒரு பிரிவுக்கு அதை மெதுவா 16 வாரத்துல முழுசா நிறுத்தினாங்க. நூத்துக்கு 65 பேருக்கு நோய் திரும்ப தலை தூக்காம இருந்துச்சு, நிறுத்தாம தொடர்ந்தவங்கள்ல அது 77 பேர். வித்தியாசம் இருக்குதான், ஆனா மூணுல ரெண்டு பேர் ஸ்டீராய்டு இல்லாமயே இருக்க முடிஞ்சுது. கவனிங்க, அவங்களுக்கு நோய் ஏற்கனவே வேற மருந்தால அடங்கி இருந்துச்சு. உங்க அம்மாவுக்கு முதல்ல டிமார்டு பிடிக்கணும், ஈஎஸ்ஆர், அதே மாதிரி வீக்கத்தைக் காட்டுற சிஆர்பி ரெண்டும் இறங்கணும், வீங்கின மூட்டு எண்ணிக்கை குறையணும், அப்புறம்தான் 10லேர்ந்து கீழ இறக்கணும், 5க்கு கீழ போகும்போது மாசத்துக்கு 1 எம்ஜி மாதிரி இன்னும் மெதுவா. மூணு மாசத்துல முன்னேற்றம் தெரியணும், ஆறு மாசத்துல நோய் அடங்கணும், இல்லன்னா டாக்டர் மருந்தை மாத்தணும், அதே சீட்டை நீட்டிட்டே போகக் கூடாது. இத்தனை வருஷம் ஸ்டீராய்டு போயிருக்கிறதால எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒண்ணு, கண்ணுல புரை இருக்கான்னு ஒரு செக்கப், ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசி இதையும் கேட்டு வாங்குங்க.

சர்க்கரை, சில பேருக்கு ஸ்டீராய்டு குறைய குறைய தானா இறங்கிடும், சில பேருக்கு ஏற்கனவே உள்ள இருந்த சர்க்கரையை ஸ்டீராய்டு வெளிய கொண்டு வந்திருக்கும், அது தங்கிடும். எதுவா இருந்தாலும் ஸ்டீராய்டு குறைக்கும்போது சர்க்கரை மாத்திரை டோசையும் சேர்த்து பாக்கணும், இல்லன்னா சர்க்கரை ரொம்ப கீழ போய் வேர்த்து கொட்டி கை நடுங்கும். வீட்ல மீட்டர் இருந்தா காலைல வெறும் வயித்துலயும் சாயங்காலத்துலயும் பாத்து நோட்டுல எழுதுங்க. ஸ்டீராய்டை காலைல போடறதால சாயங்கால சர்க்கரைதான் அதிகமா ஏறும், நிறைய பேரு காலைல மட்டும் பாத்துட்டு நார்மல்னு விட்டுடறாங்க.